கங்கு மாடி ஏறிய நாள்

ஆஸ்பத்திரிக்குக் கீழ்த்தளம் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சலவைப் பகுதி அங்கேதான். வெளியே மழையா வெயிலா என்று எங்களுக்குத் தெரியாது. மேலே எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், எத்தனை பேருக்கு அறுவை நடந்தது என்பதெல்லாம் வந்து விழும் மூட்டைகளைப் பார்த்தே சொல்லிவிடுவோம். பதினோரு வருடம் நான் அங்கே படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளையில் நின்றேன். எனக்குப் பக்கத்தில், பெரிய துவைக்கும் இயந்திரத்தில் நின்றவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் எல்லோரும் அவளைக் கங்கு என்றுதான் கூப்பிட்டோம்.

அந்தப் பட்டத்தை வைத்தவர் லிஃப்ட்காரர். ஒருநாள் மேற்பார்வையாளர் அவளிடம், "நீ மட்டும் ஏன் எப்பவும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே வேலை செய்யற, கொஞ்சம் சிரிச்சா குறைஞ்சா போயிடுவ" என்று கேட்டிருக்கிறார். அவள் கையிலிருந்த ஈரப் போர்வையை அப்படியே அவர் கையில் கொடுத்து, "பதினாறு கிலோ இருக்கும். பிடிச்சுக்கிட்டுச் சிரிங்க, பாக்கறேன்" என்றாள். அவர் பிடித்துக்கொண்டு நின்றார். அவளோ அடுத்த போர்வையை எடுக்கப் போய்விட்டாள். லிஃப்ட்காரர்தான் எங்களிடம் வந்து, "இது மனுஷி இல்லப்பா, கங்கு. ஊதாமலே எரியுது" என்றார்.

காரணமில்லாமல் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. காரணம் இருந்தும் கோபப்படாமல் இருந்ததையும் பார்த்ததில்லை.

அவள் கணவர் பிளம்பர். நல்ல மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரை ஒரு ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கைராசிக்காரர், பேச்சில் கேலி இருக்கும். குழாய்மேல் காதை வைத்தே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். ஒருமுறை பெரிய குழாய் பதிக்க வெட்டிய பள்ளத்தில் அவரும் அவர் கூட்டாளியும் இறங்கியிருந்தபோது மண் சரிந்துவிட்டது. இவரைத் தோண்டி எடுத்தார்கள். கூட்டாளியை எடுக்கும்போது மூச்சில்லை. இருபது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போனது. பல்லைக் கடித்துக் கடித்து இரண்டு கடைவாய்ப் பற்கள் உடைந்துபோயின. பல் டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, "பல்லு சரியாத்தான் இருந்திருக்கு. நீங்கதான் எதையோ கடிச்சுக்கிட்டு இருக்கீங்க" என்றாராம். நாற்காலியில் சாய்ந்தபடியே இவர் அழுதிருக்கிறார்.

அந்தப் பல் டாக்டர்தான் ஷெய்கு. நான் இஸ்லாமிய மார்க்கத்தில் பிறந்தவள் இல்லை. கங்கு சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். இறைவனை நோக்கிப் போகும் பாதை ஒன்று இருக்கிறது, அதில் முன்னே போனவர் பின்னே வருபவருக்குக் கை கொடுப்பார், அப்படிக் கை கொடுப்பவர்தான் ஷெய்கு. கீழே பல் மருத்துவமனை. மேலே மாடியில் பாய் விரித்த ஒரு நீளமான கூடம். வியாழக்கிழமை மாலைகளில் முப்பது நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்து இறைவன் பெயரைச் சொல்வார்கள். திக்ர் என்பார்கள். டாக்டர் யாரிடமும் ஒன்றும் வாங்குவதில்லை. பிளம்பர் முதல் வியாழன் போய்விட்டு வந்து எட்டு மணி நேரம் அசையாமல் தூங்கினார். மறுநாள் கங்கு வேலைக்கு வந்து, "என் புருஷன் தூங்கிட்டாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் முகம் மலர்ந்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

அடுத்த வருடம் அவள் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார். இடது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சு குழறியது, ஆனால் புத்தி தெளிவு. மாமியாரின் ஒரே மகள் கல்யாணமாகித் தூர தேசத்தில் இருந்தாள். போனில் அழுவாள், அவ்வளவுதான் அவளால் முடியும். ஆக, படுக்கையில் ஒரு தாய், வீட்டில் இரண்டு பேர்.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடம் அழுந்தி, தோல் செத்து, புண் வைத்துவிடும். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவளுக்கு அது தெரியாதா? எந்தக் கறை எந்தப் புண்ணிலிருந்து வந்தது என்று பார்த்தே சொல்பவள். இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். காலை ஏழிலிருந்து மூன்று மணிவரை அவளுக்கு ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் பிளம்பர் பக்கத்திலேயே வேலை பிடித்துக்கொண்டு, பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் வீட்டுக்கு வந்து தாயைப் புரட்டுவார். மீதி நேரம் முழுக்க அவள்.

சில மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு பிளம்பர் மாடிக்குப் போவது வியாழக்கிழமை என்பது போய், திங்கள் வியாழன் என்றானது. அப்புறம் தினமும் மாலையில். பிளம்பரின் பேச்சில் புதுப் புது வார்த்தைகள் வந்தன. அவள் சலித்துக்கொண்டால், "சபூர் செய்" என்பார். பொறுமையாக இரு என்று அர்த்தம். கோபப்பட்டால், "இது உன் நஃப்ஸ் பேசுது" என்பார். மனிதனுக்குள் இருந்து அவனைக் கீழே இழுக்கும் தன்முனைப்புக்கு அந்தப் பெயர்.

"என் நஃப்ஸுக்கு என்ன தெரியும்?" என்றாள் அவள். "உங்க உம்மாவைத் தூக்கி உக்கார வைக்கத் தெரியும். ஊட்டத் தெரியும். கழுவத் தெரியும். உங்க நஃப்ஸை நீங்க கொன்னுட்டீங்க, நல்லது. என் நஃப்ஸும் செத்துடுச்சுன்னா உங்க உம்மாவை யாரு பாக்கறது?"

இதை அவள் எனக்குச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

தொழுகையை அவள் விடவில்லை. மதியத் தொழுகைக்கு, மடித்த விரிப்புகள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே ஓர் இடம் வைத்திருந்தாள். தொழுது முடித்ததும் துஆவுக்காக, அதாவது இறைவனிடம் வேண்டுவதற்காக, இரு கையையும் ஏந்திக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் கேட்டேன், "இவ்வளவு நேரம் என்னதான் கேட்ப?"

"ஒண்ணும் கேக்கல. பேச்சுவார்த்தை இல்ல."

"யாரோட?"

அவள் கூரையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். கூரைக்கு மேலே பிரசவப் பகுதி இருந்தது, அதையும் தாண்டி என்று புரிந்துகொண்டேன்.

"அப்போ கையை ஏந்தறது எதுக்கு?"

"கடமை. ஏந்தியாச்சு. என்ன வேணும்னு அவனுக்குத் தெரியாதா? நான் ஏன் வாயைத் திறக்கணும்? அவன் முதல்ல பேசட்டும்."

ஏழு மாதம் அவள் அப்படி இருந்தாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்துவிட்டு வருவது போல.

அப்புறம்தான் அந்த நாற்பது நாள் வந்தது. கல்வத் என்கிறார்கள், தனிமையில் இருத்தல். மாடிக் கூடத்தின் கோடியில் ஒரு சின்ன அறை. ஒரு பாய், ஒரு குடம். நாற்பது நாள் உள்ளே இருந்து இறைவனைத் தவிர வேறு நினைப்பில்லாமல் இருக்க வேண்டும். பிளம்பருக்கு அது வாழ்நாள் கனவு. ஷெய்கிடம் அனுமதி கேட்டார். கிடைத்தது. மனைவியிடம் கேட்கவில்லை, சொன்னார். பகலில் தாயைப் புரட்ட எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னார். அந்த அம்மாளுக்கு எழுபது வயது. தன் முட்டியையே இரண்டு கையாலும் தூக்கி வைத்துத்தான் படியேறுவார்.

"அவங்களால முடியாதுங்க," என்றாள் கங்கு.

"அல்லாஹ் பாத்துக்குவான்."

"அல்லாஹ் பாத்துக்கத்தான் உங்களைப் பெத்துப் போட்டாங்க உங்க உம்மா."

அவர் ஒன்றும் பேசாமல் துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதில் தெரியாததால்தான் பேசவில்லை. ஆனால் பொறுமை காப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பதினேழாம் நாள் மாமியாரின் முதுகுக்குக் கீழே தோல் கறுத்தது. பதினெட்டாம் நாள் உரிந்தது, காய்ச்சல் வந்தது. கங்கு மாடிக்குப் போன் செய்தாள். எடுத்தவர் அங்கே வாசலைக் காக்கும் மூத்த சீடர். வெளியில் அவருக்கு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலை. நாக்கில் தேன் வைத்துப் பேசுபவர்.

"சகோதரி, உள்ள இருக்கறவருக்கு உலகச் செய்தி போகக் கூடாது. அவரோட நாள் எல்லாம் வீணாப் போயிடும். நீங்க துஆ செய்யுங்க, நாங்களும் செய்யறோம்."

"துஆ நான் செஞ்சுக்கறேன். நீங்க கதவைத் தட்டுங்க."

"இன்ஷா அல்லாஹ், நேரம் வரும்போது சொல்றோம்."

அன்று மாலை இன்னொரு முறை. மறுநாள் காலை மூன்றாம் முறை. அதே தேன். பத்தொன்பதாம் நாள் மாமியாருக்கு நினைவு தப்பியது. ஆம்புலன்ஸில் எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாள்.

சேர்க்கும் இடத்தில் ஒரு டாக்டர் பெண். அவளுக்கும் அன்று எத்தனை நோயாளிகளோ. மாமியாரைத் திருப்பிப் புண்ணைப் பார்த்தாள். கங்குவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏம்மா, வீட்ல மனுஷங்களே இல்லையா? யாரும் புரட்டிப் போடலையா? இப்படியா போட்டு வெப்பீங்க?" என்றாள்.

யாரைப் பார்த்து இதைச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றரை வருடமாக ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்காதவளைப் பார்த்துச் சொன்னாள். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் கங்கு, அன்று வாயைத் திறக்கவில்லை. திரும்பி நடந்து, படியிறங்கிக் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டாள்.

காலை பதினொன்றரை இருக்கும். மூன்று இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாத இரைச்சல். அவள் வந்து நடு இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து, நான் உருளையை நிறுத்திவிட்டுப் போனேன். பக்கத்தில் போன பிறகுதான் கேட்டது. அவள் அழவில்லை. திட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? நீ தூங்கறதே இல்லைன்னு சொல்றாங்களே. அப்போ நான் எழுந்ததையெல்லாம் நீ ஒருத்தன்தான் பாத்த. வேற சாட்சி எனக்கு யாரு இருக்கா? அந்தப் பொண்ணு கேட்டப்ப நீ எங்க போன? உன்னைத் தேடி அவர் வந்தாரு, சரி. வெச்சுக்கிட்ட, சரி. அவரைத் தேடி நான் எங்க வர்றது? அந்தக் கதவை எனக்கு யாரு திறப்பா? ஏழு மாசமா கையை ஏந்திக்கிட்டு உக்காந்திருந்தேனே, என்ன புள்ளன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அப்படி ஒருவர் கடவுளிடம் பேசி நான் கேட்டதில்லை. பயமாக இருந்தது. அதே சமயம், இவள் யாரிடமோ உண்மையாகவே பேசிக்கொண்டிருக்கிறாள் என்றும் தோன்றியது. ஆளில்லாத இடத்தைப் பார்த்து யாராலும் அவ்வளவு கோபப்பட முடியாது.

திடீரென்று நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர்றியா?" என்றாள் என்னிடம்.

"எங்க?"

"மாடிக்கு."

மேற்பார்வையாளரிடம்கூடச் சொல்லாமல் இருவரும் கிளம்பினோம். அவள் கையைப் பிடித்து நிறுத்த ஒருத்தி வேண்டும் என்று நினைத்துத்தான் நான் போனேன். போன பிறகு அந்தக் கையை நான் பிடிக்கவில்லை.

பல் மருத்துவமனையில் நாலைந்து பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் படியேறினோம். மாடிக் கூடம் சுத்தமாக இருந்தது. அத்தர் மணம். ஏழெட்டு பேர் பாயில் உட்கார்ந்து மெதுவாக ஓதிக்கொண்டிருந்தார்கள். படியின் தலைப்பில் இன்ஷூரன்ஸ்காரர் எழுந்து நின்றார்.

"சகோதரி, பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை..."

"தள்ளுங்க."

"கொஞ்சம் பொறுமையா..."

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை என்கிட்ட சொல்லாதீங்க. நீங்க பாலிசி விக்கற ஆளு. எல்லாத்துக்கும் தவணை போடுவீங்க. உள்ள இருக்கறவரோட உம்மா மூச்சு தவணையில போகாது."

ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் கூடத்தின் குறுக்கே நடந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தாள், அந்தக் கோபத்திலும். கோடியில் இருந்த சின்னக் கதவை உள்ளங்கையால் அறைந்தாள். மூன்று முறை.

கதவு திறந்தது. பிளம்பர் நின்றார். தாடி வளர்ந்து, முகம் வெளுத்து, கண் மட்டும் ஒளியாக இருந்தது. அவளைப் பார்த்ததும் முதலில் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் மறக்க மாட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவரைப் போல இருந்தார்.

"உங்க உம்மா நினைவில்லாம கிடக்கறாங்க. முதுகு அழுகிப் போச்சு. நேத்துலேருந்து மூணு தடவை போன் பண்ணினேன்."

புன்னகை போய்விட்டது. அவர் இன்ஷூரன்ஸ்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

அதற்குள் பக்கத்து அறையிலிருந்து ஷெய்கு வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டுதான் போட்டிருந்தார். நடந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பிக்க, அவர் கையை உயர்த்தி நிறுத்தி, கங்குவை மட்டும் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். உரக்கத்தான் சொன்னாள். அவர் நின்றபடியே கேட்டார்.

"போன் வந்தது எனக்குத் தெரியாதும்மா," என்றார். "ஆனா அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. இவர் அனுமதி கேட்டப்ப எவ்வளவு ஓதறாரு, எவ்வளவு நேரம் தூங்கறாருன்னு எல்லாம் கேட்டேன். வீட்ல யாரு இருக்காங்கன்னு கேக்கல. ஒருத்தர் பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னால சக்கரை இருக்கா, ரத்தக் கொதிப்பு இருக்கான்னு நூறு கேள்வி கேப்பேன். இதுக்குக் கேக்கல. தப்பு என்னோடதுதான்."

பிறகு, "நாங்க இங்க உக்காந்து எதைத் தேடறோமோ அதை நீங்க வீட்லயே அடைஞ்சிருக்கீங்க. உங்க தகுதி எங்க யாருக்கும் இல்ல" என்றார். பாயில் இருந்த இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கங்குவின் முகம் மாறியது. இதுவரை இருந்தது கோபமே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வேண்டாங்க," என்றாள். சத்தம் போடவில்லை. "இந்தப் பட்டத்தை நீங்களே வெச்சுக்குங்க. என்னை இறைநேசர் ஆக்கிட்டு நீங்க எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடி உக்காந்துடுவீங்க. நான் மறுபடி போய்த் தனியா தூக்கணும். எனக்குத் தகுதி எல்லாம் வேண்டாம். இடுப்பு வலிக்குது. ஆள் அனுப்புங்க."

ஷெய்கு தலை குனிந்தார். பிளம்பர் வெறுங்காலோடு படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

மாமியார் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கண் திறந்தபோது மகன்தான் பக்கத்தில் இருந்தார். குழறிய வாயால், "வந்துட்டியா? தொழுது முடிச்சிட்டியா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. பிளம்பர் கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். கங்கு அவரைத் தேற்றவில்லை. "அழுறது அப்புறம். மணி பத்தாச்சு, புரட்டணும், அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்த வாரமே ஷெய்கு சொன்னபடி ஆள் வந்தது. வாசலில் ஐந்து பெண்கள். சீடர்களின் மனைவிமார். கையில் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு நின்றார்கள். அவர்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, கங்கு போனை எடுத்து நேரே ஷெய்கைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், நான் ஆள் கேட்டேன். நீங்க பொம்பளைங்களை அனுப்பியிருக்கீங்க. இவங்க வீட்ல இதே வேலையைத்தான் செஞ்சுட்டு வர்றாங்க. ஒருத்தங்களுக்கு மாமனார் படுக்கையில, ஒருத்தங்களுக்குக் கைக்குழந்தை. கேட்டீங்களா நீங்க? உங்க கூடத்துல உக்காந்திருக்கறவங்களை அனுப்புங்க."

அந்தப் பெண்களில் ஒருத்தி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அவளால் நிறுத்த முடியவில்லை. பிறகு ஐந்து பேரும் சிரித்தார்கள். போகும்போது அவள்தான், "இதைப் பத்து வருஷமா சொல்லணும்னு இருந்தேன் அக்கா" என்றாளாம். இன்ஷூரன்ஸ்காரரின் மனைவி.

மறுநாள் ஆண்கள் வந்தார்கள். பெண்ணின் உடம்பைக் கழுவுவது மகனுக்கும் மருமகளுக்கும் மட்டுமே ஆகும் என்பதால் அதைப் பிளம்பர் எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் மற்றவர்களுக்கு. ஒருவர் சமையல், ஒருவர் மருந்து, ஒருவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க. அழுக்கு விரிப்புகளைத் துவைப்பது இன்ஷூரன்ஸ்காரருக்கு. அதைக் கங்குதான் பிரித்துக் கொடுத்தாள். முதல் நாள் அவர் கொதிக்கும் நீரில் விரிப்பை முக்கிவிட்டார்.

"எடுங்க வெளியே. ரத்தம், சீழு எல்லாம் முதல்ல பச்சைத் தண்ணியிலதான் அலசணும். சுடுதண்ணி ஊத்தினா கறை துணியோட ஒட்டிக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது. இருபது வருஷம் பாதையில இருக்கீங்க, இது தெரியாதா?"

அவர் தேனொழுகப் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். பழகப் பழக நன்றாகவே துவைத்தார்.

ஷெய்கும் வந்தார், செவ்வாயும் சனியும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வாய் வெந்து புண்ணாகும். அதை யாரும் கவனிப்பதில்லை. அவர் கையுறை மாட்டிக்கொண்டு, சின்ன பஞ்சுக் குச்சியால் மாமியாரின் ஈறுகளைத் துடைப்பார். ஒருமுறை மாமியார் அவர் விரலை நன்றாகக் கடித்துவிட்டு, "பல்லு இன்னும் இருக்கு" என்றார். டாக்டர் விரலை உதறிக்கொண்டே, "அல்ஹம்துலில்லாஹ், நாலும் உறுதியா இருக்கு" என்றார். அன்று கங்குகூடச் சிரித்தாள். ஷெய்கு போன பிறகுதான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் பொய். அவள் கோபம் இறங்கவே இல்லை. ஒருநாள் தாயின் காலைக் கழுவிக்கொண்டிருந்த பிளம்பர், "அந்த அறையில பத்தொன்பது நாளா தேடினது இங்க..." என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க," என்றாள். "அதை அங்க கூடத்துல போய்ச் சொல்லுங்க, எல்லாரும் அழுவாங்க. இங்க துணியைப் பிழிங்க."

மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்டதற்கு, "மன்னிக்கறது அல்லாஹ்வோட வேலை. எனக்கு வேற வேலை இருக்கு" என்றாள். ஆனால் அலமாரிகளுக்கு நடுவே அவள் தொழுதபின் உதடு அசைவதைப் பார்த்தேன். சில சமயம் புருவம் நெரிந்திருக்கும், விரல் நீட்டிக்கூடப் பேசுவாள். பேச்சுவார்த்தை ஆரம்பித்திருந்தது.

மாடியில் ஒரு விதி வந்தது. தனிமைக்குப் போக விரும்புகிறவர் வீட்டிலுள்ளவரை நேரில் அழைத்து வர வேண்டும். அவர் ஷெய்கின் முன்னால் சரி என்று சொல்ல வேண்டும். முதல் வருடம் ஒருவருக்குக்கூட அனுமதி கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மாமியார் இன்னும் ஒன்றரை வருடம் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மகன் ஊட்டிய கஞ்சியை விழுங்கிவிட்டு, மருமகள் பக்கம் முகத்தைத் திருப்பினார். அதோடு முடிந்தது. கங்குவும் வேறு இரண்டு பெண்களும் உடலைக் கழுவினார்கள். முதுகில் அந்தப் பழைய புண் இருந்த இடம் மூடி, புதுத்தோல் பளபளவென்று இருந்ததாம். அந்த இடத்தில் அவள் கை வெகுநேரம் நின்றது என்று கூட இருந்த பெண் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து பிளம்பர் மெதுவாக ஆரம்பித்திருக்கிறார். "இத்தனை வருஷம் நீதான் சுமந்த. நீ வேணும்னா கொஞ்ச நாள் தனியா இருந்து பாரேன். வீட்டை நான் பாத்துக்கறேன்."

"எனக்கு அனுமதி கொடுக்கறீங்களோ?" என்று அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அடுத்த வாரம், யாரிடமும் கேட்காமல், மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், மாமியார் இருந்த அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வேளைக்கு ஒரு தட்டைப் பிளம்பர் கதவுக்கு வெளியே வைத்தார். தட்டு காலியாகத் திரும்பி வந்தது, அதைத் தவிர அவருக்கு வேறு சேதி ஒன்றும் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் காலை ஏழுக்குச் சரியாக வேலைக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நான் விடவில்லை.

"மூணு நாள் என்ன பண்ணின?"

"முதல் நாள் பூரா தூங்கினேன். ரெண்டாம் நாள் அழுதேன். மூணாம் நாள்தான் பேச ஆரம்பிச்சேன்."

"என்ன பேசின?"

"அதை உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"பதில் ஏதாவது வந்துச்சா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் அவள் கண் என்னைத் தாண்டித் தரைக்குப் போனது. நடு இயந்திரத்தின் கதவிலிருந்து சோப்புத் தண்ணீர் மெல்லிய கோடாக ஒழுகி, வடிகால்வரை ஓடியிருந்தது.

"இது எப்ப இருந்து ஒழுகுது? மூணு நாளா எல்லாரும் தாண்டித் தாண்டிப் போயிருக்கீங்க, இல்ல?" என்று திட்டிக்கொண்டே சேலையைச் செருகி, கீழே குந்தி, கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை விரலால் நெம்பிக் கழற்றத் தொடங்கினாள்.